காத்தாடிக் காசும் ஏர்போர்ட்டாரும்

பெரம்பலூரிலிருந்து விமானம் ஏறியவர்களில் ஒருவனைத் தவிர எவரும் ஏர்போர்ட்டார் கொடுத்த சில்லறை இல்லாமல் ஏறியதில்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். பாஸ்போர்ட்டை மறந்தவர்கள் உண்டு, டிக்கெட்டை மறந்தவர்கள் உண்டு, ஒருவர் தன் மனைவியையே வீட்டில் மறந்துவிட்டு பாடாலூர் வரை போயிருக்கிறார். சில்லறையை மறக்க மட்டும் ஏர்போர்ட்டார் விடமாட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பெரம்பலூர் பாலக்கரை கார் ஸ்டாண்டில் யாருக்கும் அது தெரியாது. வெள்ளை அம்பாசடர் வைத்திருந்தார். அது திருச்சி விமான நிலையத்துக்குப் போகும், வரும். வேறு எங்கும் போகாது. கல்யாண வீட்டுக்காரர்கள் யாராவது மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கேட்டு வந்தால், "மாப்ள பிளைட்லயா வராரு?" என்பார்.

"இல்லீங்க, குரும்பலூர்லேர்ந்து வராரு."

"அப்ப பின்னாடி நிக்கிற வண்டியக் கேளுங்க."

தொண்ணூற்றைந்தில் நான் அந்த ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் திறந்தேன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அவர் என் பூத்தில்தான் இருப்பார், பூத்தில் இருந்த ஒரே ஃபேனுக்கு நேர் கீழே. நானும் போன் பேச வருகிறவர்களும் ஓரமாக நின்று வியர்த்துக்கொண்டிருப்போம்.

சில்லறை விவகாரம் ஒரு சிங்கப்பூர்க்காரரால் ஆரம்பித்தது. இறங்கும்போது அவர் பையில் மீந்துகிடந்த காசையெல்லாம் அள்ளி, "டீ குடிங்கண்ணே" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டார் பாங்குக்குப் போனார். நோட்டு என்றால் மாற்றித் தரலாம், சில்லறையை வாங்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கொதித்துப்போய் என் பூத்துக்கு வந்தார்.

"தம்பி, நோட்டும் காசும் ஒரே நாட்டுலதானே பொறந்துது? பெரியவன உள்ள விடுவாங்களாம், சின்னவன வாசல்லயே நிறுத்துவாங்களாம். இது என்ன நாயம்?"

ஊரைக் கவனித்தால் அவர் கோபத்தில் பொருள் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இப்படிக் கொஞ்சம் காசு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அங்கே செல்லும், இங்கே செல்லாது. பிள்ளைகள் அதைச் சுண்டி விளையாடுவார்கள். சிலர் உண்டியலில் போட்டுவிட்டு சாமியைச் சங்கடப்படுத்துவார்கள். ரஞ்சன்குடியில் ஒருவர் நடுவில் ஓட்டை போட்டுப் பம்புசெட் மோட்டாருக்கு வாஷராக மாட்டியிருந்தார்.

ஏர்போர்ட்டார் அன்றைக்கே ஒரு முடிவெடுத்தார். வருகிறவரிடம் அந்த நாட்டுக் காசை வாங்குவது. அதே நாட்டுக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்புவது. போகிறவர் பையில் மீந்திருக்கும் நம் ஊர்ச் சில்லறையை வாங்கி, வந்து இறங்குகிறவருக்கு டீ குடிக்கக் கொடுப்பது. கமிஷன் கிடையாது. "எறங்குன எடத்துல கையில அந்த ஊரு காசு இருந்தாத்தான் மனுசனுக்கு நெஞ்சு நிமிரும்" என்பது அவர் கொள்கை.

எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது. அதனால் காசில் இருக்கிற படத்தை வைத்து நாட்டுக்கெல்லாம் புதுப் பெயர் சூட்டினார். குவைத் காசில் பாய்மரக் கப்பல் இருக்கும், அது கப்பல் நாடு. துபாய் காசில் இருக்கிற காப்பிப் பாத்திரம் அவர் கண்ணுக்குக் கூஜாவாகத் தெரிந்ததால் அது கூஜா நாடு. மலேசியக் காசில் ஒன்றில் பம்பரமும் இன்னொன்றில் வானத்தில் பறக்கவிடுகிற காத்தாடியும் உண்டு, அது பம்பர நாடு. சிங்கப்பூர் பூ நாடு. கொஞ்ச நாளில் ஸ்டாண்டு முழுக்க இதே பாஷையாகிவிட்டது. "மச்சான் கூஜாலேர்ந்து எப்ப வராரு?" என்று ஒருவர் என் பூத்தில் கேட்டபோது எனக்குச் சிரிப்புகூட வரவில்லை, அந்த அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

தவறும் நடந்தது. ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஆலை வேலையை விட்டுவிட்டு ஒருவர் சிங்கப்பூர் போனார். மலேசியக் காசின் மறுபக்கத்திலும் பூதான் இருக்கும். ஏர்போர்ட்டார் பூவை மட்டும் பார்த்துக் கொடுத்தனுப்பிவிட்டார். லீவில் திரும்பி வந்த அந்த ஆள் காரில் ஏறியதும் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே, நீங்க குடுத்த பூவு அங்க பூக்கல."

அன்றிலிருந்து ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே கொடுப்பார்.

இனி பிலோமினா கதைக்கு வருகிறேன். அவள் அம்மாவை நாங்கள் டீச்சரம்மா என்போம். வரதராசன்பேட்டைக்காரர், வேலைக்காகத் துறைமங்கலத்தில் குடியிருந்தார். ஒரே மகள். மருமகன் மலேசியாவில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி அவர் முதலில் போய்விட, விசா வந்ததும் பிலோமினா தனியாகக் கிளம்பினாள். அதற்கு முன் அவள் தனியாகப் போன அதிகபட்ச தூரம் அரியலூர்.

பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்று ஏர்போர்ட்டார் என்னையும் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் தாயும் மகளும் அழுதார்கள். விமான நிலைய வாசலில் பெட்டியின் பிடி அறுந்தது. டீச்சரம்மா தன் சேலையைக் கிழித்துக் கட்டப் போக, நான் தடுக்க, ஏர்போர்ட்டார் எங்கிருந்தோ கயிறு வாங்கி ஓடிவர, ஒருவழியாகப் பிலோமினா உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் காவிரிப் பாலம் தாண்டி, சமயபுரம் பக்கம் சாலையில் ஒரு பள்ளம். வண்டி தூக்கிப்போட்டது. ஏர்போர்ட்டாரின் சட்டைப்பை கலகலவென்றது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, பம்பரம் பையிலயே இருக்கு."

பின்சீட்டிலிருந்து டீச்சரம்மா பதறினார். "என்னங்க மறந்துட்டீங்க? பாஸ்போர்ட்டா?"

"அதவிடப் பெருசும்மா" என்றவர், லாரிகளுக்கு நடுவே வண்டியைத் திருப்பினார். நாற்பதுக்கு மேல் ஓட்டாத மனிதர் அன்று ஓட்டியதை நான் மறக்க முடியாது. பாலத்தில் ஒரு பஸ் எங்களுக்கு வழிவிட்டது, அல்லது பயந்து ஒதுங்கியது. கடைத்தெருவில் வாழைத்தார் வண்டி ஒன்று குறுக்கே வர, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பிளைட்டு, பிளைட்டு" என்று கத்தினார். வண்டிக்காரர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அந்த இடைவெளியில் நாங்கள் நுழைந்துவிட்டோம். டீச்சரம்மா கண்ணை மூடி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் வடநாட்டுக்காரர். உள்ளே விட மறுத்தார். ஏர்போர்ட்டார் காசைக் காட்டினார். காதில் கைவைத்து "ஹலோ, ஹலோ" என்று பேசிக் காட்டினார். காத்தாடியைச் சுட்டிக்காட்டி வானத்தைக் காட்டினார். காவலர் எல்லாவற்றையும் ரசித்துவிட்டு, மறுபடியும் தலையை ஆட்டி மறுத்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு இளைஞன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தான். ஏர்போர்ட்டார் கைகளை விரித்துக் குறுக்கே நின்றார்.

"தம்பி எந்த பிளைட்டு?"

"கொழும்பு வழியா மலேசியாங்க. லேட்டாயிடுச்சு, விடுங்க."

"ஒண்ணும் லேட்டு இல்ல. இத உள்ள ஒரு பொண்ணுகிட்ட குடுத்துடு. நீலச் சேல. பெட்டியில கயிறு கட்டியிருக்கும்."

"தெரியாதவங்க குடுக்கிறத வாங்கக் கூடாதுன்னு எங்க அப்பா சொல்லியிருக்காருங்க. என்னது இது, தங்கமா?"

"சில்லறப்பா. போன் பண்ணச் சில்லற."

அவன் நம்பவில்லை. டீச்சரம்மா முன்னால் வந்தார். "என் பொண்ணு தம்பி. மொத மொறையா தனியாப் போறா. மாப்ள வரலைன்னா அவளுக்கு அங்க யாரத் தெரியும்?"

இளைஞன் காசை வாங்கி, அந்தக் காவலர் கண்முன்னேயே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். கொடுத்தானா, இல்லையா என்று தெரியாமலே நாங்கள் ஊர் திரும்பினோம்.

மறுநாள் காலை என் பூத்தில் போன் அடித்தது. பிலோமினா. மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு வரவே இல்லையாம். அங்கே புதிதாக ஒரு விமான நிலையம் திறந்திருக்கிறார்கள், மனிதர் பூங்கொத்தோடு பழைய விமான நிலையத்தில் போய் நின்றிருக்கிறார். இவள் புதியதில் இறங்கி, பாஷை தெரியாமல் சுவரோரம் நின்றிருக்கிறாள். அந்த இளைஞன் கொடுத்த சில்லறையைப் பொதுத் தொலைபேசியில் போட்டு, மாப்பிள்ளை வேலை பார்க்கும் கடைக்குப் பேசியிருக்கிறாள். கடை முதலாளியே வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம்.

ஏர்போர்ட்டார் ரிசீவரைப் பிடுங்கினார். "எம்மா, எதப் போட்ட? பம்பரமா, காத்தாடியா?"

"பம்பரம் போட்டேங்க, போன் வாங்காம கீழ தள்ளிடுச்சு. காத்தாடி போட்டதும் பேசிடுச்சுங்க."

ரிசீவரை அப்படியே தொங்கவிட்டுவிட்டு சாலைக்கு ஓடினார். "காத்தாடி பேசிடுச்சு" என்று ஸ்டாண்டு முழுக்கச் சொன்னார். எல்லோருக்கும் டீ, கூடவே வடை. துறைமங்கலத்துக்குப் போய் டீச்சரம்மாவிடம் சொல்ல வண்டியை எடுத்தார். விமான நிலையம் தவிர வேறொரு இடத்துக்கு அந்த அம்பாசடர் போனதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. என் பூத்தில் ஈ ஓட்டினேன். இரண்டாயிரத்து நான்கில் மஸ்கட்டில் ஒரு கடையில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். ஏர்போர்ட்டார்தான் கொண்டுபோய் விட்டார். இறங்கியதும் வழக்கப்படி கையை நீட்டினேன். அவர் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்குக் கெடையாது."

"ஏண்ணே? ஊருக்கெல்லாம் குடுக்கிறீங்க."

"கையில காசு இருந்தா அங்கயே ஒட்டிக்குவ. போ, நேரமாச்சு."

மஸ்கட்டில் எனக்கு வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை, கடையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் முடியும் முன்பே, வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் திரும்பினேன். திருச்சியில் வெளியே வந்தால் வெள்ளை அம்பாசடர் நிற்கிறது. பக்கத்தில் ஏர்போர்ட்டார், வருகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு.

"நான் வரேன்னு யாருண்ணே சொன்னது?"

"யாரும் சொல்லல. சவாரி இல்லாத அன்னிக்கி சும்மா வந்து நின்னு பாத்துட்டுப் போவேன்."

என் பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்தார். பையில் மீந்திருந்த மஸ்கட் காசை அள்ளி அவர் கையில் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறினேன்.