கல்லீரலுக்குத் துணை

கதவைத் திறந்தால், கையில் சாப்பாட்டுத் தட்டோடு மளிகைக்கடைக்காரர் நின்றார். பின்னால் அவர் மனைவி.

"இன்னும் சாப்பிடலையே டீச்சர்? நல்லவேளை. தனியா சாப்பிட்டா கல்லீரல் சுருங்கிடுமாமே."

அறிவியல் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் புளுகை எழுதியதே அவர்தான்.

போனில் வரும் வைத்தியச் செய்திகளை அப்படியே நம்பாமல், யார் சொன்னது, என்ன ஆதாரம் என்று விசாரிக்கப் பிள்ளைகள் பழக வேண்டும். அதற்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுப் போன்களுக்கு இந்தச் செய்தியை அனுப்பி, உண்மையா என்று கண்டுபிடித்து வரச் சொல்லியிருந்தார். என்ன பொய் எழுதலாம் என்று யோசித்தபோது எதிரே இருந்தது ஒற்றைத் தட்டு. மாற்றலாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, சாப்பாட்டு வேளையில் அவரோடு பேசியது ரேடியோ மட்டும்தான்.

மறுநாள் வகுப்பில், "யாராவது விசாரிச்சீங்களா?" என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் தரையைப் பார்த்தது.

"அது பொய்ங்க, பாடத்துக்காக நானே எழுதினது," என்று அன்று மாலை மறுபடியும் தட்டோடு வந்த மளிகைக்கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தார்.

"படிச்சவங்க, தெரியாமலா எழுதுவீங்க?" என்று அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் பள்ளி வாசலில் 'இது பொய்' என்று எழுதி ஒட்டினார். அதைப் படித்துவிட்டுத் தபால்காரர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்.

"பொய்னு போட்டிருக்கீங்க, சரி. ஆதாரம் போடலையே?"

தன் பாடமே தன்னைக் கடித்தது. ஆதாரத்துக்கு டீச்சர் சுகாதார நிலைய நர்ஸைக் கூட்டி வந்தார்.

"கல்லீரலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றார் நர்ஸ்.

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு சற்று நகர்ந்து நர்ஸுக்கும் இடம் விட்டார்கள்.

வார முடிவில் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. டீச்சர் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே கேட்ட சிரிப்பு, யாரோ அடுத்த வீட்டில் சிரிப்பதுபோல் இருந்தது. தண்ணீர்ச் சொம்போடு வந்த தையல்காரம்மாவிடம் சொன்னார்:

"ஊரையே ஏமாத்திட்டேன்க்கா. ஒரு பிள்ளைகூட விசாரிக்கல. நான் என்னத்தச் சொல்லிக் கொடுத்தேன்? வேற ஊருக்கு மாற்றல் கேட்டுடலாம்னு இருக்கேன்."

தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் பொண்ணு செய்தி வந்த அன்னைக்கே நர்ஸ்கிட்ட கேட்டு, பொய்னு ஊர் பூரா சொல்லிட்டா டீச்சர். வகுப்புல மட்டும் வாயைத் திறக்காதீங்கன்னு பிள்ளைங்ககிட்ட நாங்க சொல்லி வெச்சோம். உங்க வீட்டுக்கு வர எங்களுக்குத்தான் வேற சாக்கு கிடைக்கல."