விஸ்கான்சின் பெரியவரும் சிவாஜிநகர் பஸ்ஸும்

லிங்கராஜபுரம், பெங்களூர்
2 மே 2003

மதிப்பிற்குரிய ரங்கநாதன் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகன் தருண் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் கை, கால், பல் யாவும் நலம். அங்கு தாங்களும் அத்தையும் குடியாத்தம் வெயிலில் வற்றிப்போகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் அனுப்பிய நல்லெண்ணெய் கூரியரில் வந்தது. பாதி பாட்டிலில், பாதி தங்கள் கடிதத்தின் மேல். எண்ணெய்க்கு நடுவே படிக்க முடிந்தது ஒரே வரி: "போனில் உன் குரல் சரியில்லை, உடம்புச் சூடுதான், நேரில் வருகிறேன்." தயவு செய்து வர வேண்டாம். எனக்குச் சூடு ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் வேலை தங்களுக்குத் தெரியும். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள், நாங்கள் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிப்போம். ஏப்ரல் முழுக்க கரண்ட் கட். ஜெனரேட்டர் கம்ப்யூட்டர்களுக்கும் மேனேஜர் ரகுராம் அறைக்கும் மட்டும்தான். ஒரு கம்ப்யூட்டர் சூடானால் மூன்று பேர் ஓடி வருகிறார்கள். பெருக்க வரும் ஜெயலட்சுமி மயங்கி விழுந்தபோது அரை நாள் ஆப்சென்ட் போட்டார்கள். வேறு சமயமாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். அன்று எனக்குக் கோபமே வரவில்லை மாமா. எனக்கு! அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

போன செவ்வாய், விஸ்கான்சினில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட எழுபத்தொரு வயதுப் பெரியவர் ஒருவரின் பதிவு. "தூக்கம், பசி இயல்பு" என்று சொல்லிவிட்டு டாக்டர் மேலே போய்விட்டார். என் விரல்கள் போகவில்லை. "இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, பசியில்லை, காலையில் ஒரு செருப்பைப் போட்டுவிட்டு அடுத்ததைப் போட அரை மணி நேரம் ஆகிறது, ஆபீசுக்குப் போகும் சிவாஜிநகர் பஸ்ஸைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது" என்று சுத்தமான மருத்துவ ஆங்கிலத்தில் அடித்து அனுப்பிவிட்டேன். அடித்தது எனக்கே தெரியாது.

நாங்கள் அடிப்பதைச் சரிபார்ப்பவர் ஜோசஃபின் அக்கா, எங்கள் தெருக்காரர். ஒரு கமா விட்டாலும் விடமாட்டார். தாளோடு வந்து நின்றார்.

"ஏம்ப்பா தருணு, விஸ்கான்சின் தாத்தா எதுக்கு சிவாஜிநகர் பஸ்ஸுக்குப் பயப்படறாரு?"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன்.

"முட்டி ஆபரேஷன் பண்ணவரு அரை மணி நேரம் செருப்பையே பாத்துனு இருக்காரு. யார்ப்பா இது?"

"நான்தான்க்கா."

"தெரியுது. எந்திரி, சாப்பிடப் போலாம்."

"பசிக்கலக்கா."

"அதையும்தான் அடிச்சிருக்கியே, வா."

மேனேஜரிடம் சொல்லியிருந்தால் என் சீட்டு அன்றே கிழிந்திருக்கும். அக்கா சொல்லவில்லை. பெரியவரின் அறிக்கையைத் தானே திருத்தி அனுப்பினார். சாப்பாட்டு மேஜையில் எட்டுப் பேர் எதிரில் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் காட்டினார். "மூணு வருஷம் முந்தி, இதே மே மாசம். வெயிலு, வேலை, எல்லாம் சேந்து சும்னே, ஒண்ணுமில்லாததுக்கு அழுதுனு இருந்தேன். மனசு டாக்டர்கிட்ட போனேன், இப்பவும் முழுங்கறேன். பேஜாரா இருந்தா பேஜாருன்னு சொல்லுப்பா, அமெரிக்காகாரன் தலையில கட்டாத." ஊரே ஒளித்துவைக்கும் விஷயத்தை அந்த அம்மாள் ஊறுகாய்க்கும் மோருக்கும் நடுவில் வைத்துப் பேசினார். கூட்டம் போட்டு முழங்குகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், இந்தத் தைரியத்தைப் பார்த்ததில்லை.

நேற்று மே தினம். எங்களுக்கு விடுமுறை இல்லை. மன அழுத்தம் போக்கும் பயிற்சி, அதுவும் சாப்பாட்டு நேரத்தில். ரகுராம் ஆளுக்கொரு பலூன் கொடுத்து, "டீம், உள்ள இருக்கற ஸ்ட்ரெஸ்ஸ எல்லாம் இதுல ஊதுங்க!" என்றார். நான் ஊதியது வெடித்து அவர் கண்ணாடி கீழே விழுந்தது. ஜோசஃபின் அக்கா பலூனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், இவ்ளோ பெரிய ஆபீஸ் இந்தப் பலூனுக்குள்ள போவாது. ஜெனரேட்டர்ல ரெண்டு ஃபேன் மாட்டுங்க."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் பலூனைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தார்கள். மாலையில் ஃபேன் வந்தது, ஒன்று. நான் அதற்கடியில் உட்கார்ந்து, இன்னொன்று எங்கே என்று கேட்டேன். கோபம் திரும்பிவிட்டது மாமா! டாக்டரைப் பார் என்கிறார் அக்கா. நான் தேறிவிட்டேன், தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். ஆகவே தாங்கள் அலைய வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் முத்தம். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்லவும்.

தங்கள் அன்பு மருமகன்,
தருண்

பி.கு.: கவரை ஒட்டும்போது அக்கா கேட்டார்: "மாமாவுக்கு உண்மைய எழுதினியா?" "எழுதினேன்க்கா." "நேத்து பஸ்ஸுல அழுதியே, அது?" அதை எழுதவில்லை. நேற்று ஃபேன் வந்த பிறகும், கோபம் வந்த பிறகும், பஸ்ஸில் அழுதேன். இரவும் தூங்கவில்லை. இப்போதுதான் போன் செய்து, வரும் பத்தாம் தேதி சனிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். வாங்க மாமா. எனக்காக அவரிடம் எதுவும் பேச வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.