நுண்ணோக்கி கவர்ந்த படலம்

வாழ்க, ஏழாம் வகுப்பின் அறிவியலாசிரிய வேந்தன்! கரும்பலகையைத் துறந்த கோமான்! மனப்பாடமென்னும் மாப்பகையைப் பயிற்சி முகாமில் புறமுதுகிடச் செய்து, தேநீரும் சான்றிதழும் வென்று மீண்ட தீரன்! அன்னவன் ஆய்வுக்கூடத்தின் நடுவண் நின்று, இடியனைய குரலெடுத்துச் சூளுரைத்தான்: "இன்று நீங்களே தொடுவீர்! நீங்களே காண்பீர்! நீங்களே கண்டறிவீர்! யாம் சுண்டுவிரலும் நீட்டோம்!"

அவ்விரதம், முதல் மாணவி முக்காலியில் ஏறும்வரை நிலைத்தது.

பள்ளிக்கு வாய்த்த நுண்ணோக்கியோ ஒன்றே. முழங்கையே வேலாக, புத்தகப்பையே கேடயமாக, "நான்தான் முதல்ல வந்தேன்!", "போடா, நேத்தே துண்டு போட்டாச்சு!" எனும் போர்முழக்கம் கூரையதிர, கழன்ற செருப்புகள் களத்திடைக் கவிழ்ந்த தேர்களெனக் கிடப்ப, அப்பெரும்படையை ஊடறுத்து வந்தாள், சுண்டெலி என்று வகுப்பார் விளிக்கும் சிறுமி. வீட்டுப் பூச்சாடியில் தேங்கிய பாசிநீரைச் சிந்தாமல் ஏந்தி வந்தவள் அவள். அதற்குள் என்ன நெளிகிறது என்று பார்க்காமல் வாரம் முழுக்கத் தூக்கம் கெட்டவளும் அவளே. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் இட்டு, கருவியில் பொருத்திக் குனிந்தாள்.

"இரும்மா, ஒரே நிமிஷம். சார் ஃபோகஸ் மட்டும் பண்ணித் தர்றேன்."

அந்தோ! கருவியை உடும்புப் பிடியாகப் பற்றினான் வேந்தன். முதுகு வில்லென வளைய, வாய் ஒருபுறம் கோண, கண்ணைக் குழாயோடு ஒட்டவைத்து முழங்கினான்: "கண்டோம்! கருங்கால் பல கொண்ட காரரக்கனைக் கண்டோம்! துடிக்கிறான், பிள்ளைகளே, துடிக்கிறான்! எல்லாரும் நோட்டை எடுங்க. படம் வரைஞ்சு பாகங்களைக் குறிங்க!"

தொட்டறிய வந்த படை அடங்கி அமர்ந்து, தான் காணாத விலங்கின் கால்களுக்கு அளவுகோல் வைத்துக் கோடிழுத்தது. "சார், நான் இன்னும் பார்க்கவே இல்ல சார்" என்ற சுண்டெலியின் ஓலம் வெற்றி ஆரவாரத்தில் மூழ்கிற்று. அழைப்பேற்று எழுந்தருளிய தலைமையாசிரியையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து, "அடடா, என்ன உயிர்ப்பு சார்!" என்று மொழிந்தருளினார்.

மணியடிக்கும் தறுவாயில்தான் சுண்டெலிக்கு வழி விடப்பட்டது. பார்த்தாள். கண்ணைச் சற்றே பின்னுக்கு இழுத்து மறுபடி பார்த்தாள்.

"சார், தள்ளி நின்னு பார்த்தா குட்டியா ஒண்ணு நீந்துது சார், சூப்பரா இருக்கு! நீங்க சொன்ன கருப்புக் காலு கிட்டப் போனாதான் தெரியுது. நான் கண்ணு சிமிட்டினா அதுவும் சிமிட்டுது."

பாடவேளை முழுக்க சார் பார்த்துக்கொண்டிருந்தது தன் கண்ணிமை முடியை.