கூப்பிட்டால் வரும் அருவி

அது ஆறாம் மாதமா, ஏழாம் மாதமா என்பதே இப்போது சரியாக நினைவில்லை. வேனில் போனவர்கள் பதினெட்டுப் பேர் என்றுதான் ஞாபகம். ஆனால் "நான் அந்த வேனில் இருந்தேன்" என்று இதுவரை சொல்லியிருப்பவர்கள் இருபத்தைந்து பேருக்குக் குறையாது. அவர்களைக் கூட்டிப்போன அருவியாரை முதலில் சந்தேகப்பட்டதும் தாங்கள்தான் என்று அந்த இருபத்தைந்து பேரும் சாதிக்கிறார்கள். ஆகவே இதில் வரும் பேச்சுகள் சில முன்பின்னாக மாறியிருக்கலாம். தண்ணீர் எப்படி வந்தது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

அந்த விளம்பரத் தாள் ஒட்டாத சுவரே இல்லை. "மறைந்திருக்கும் அருவி! ஒரே நாள் நடைப்பயணம்! கையைக் கடிக்காத கட்டணம்! கூப்பிட்டால் வரும் தண்ணீர், குடித்தால் போகும் நோய்!" கீழே அருவியாரின் படம், கண்ணை மூடியபடி. மருந்துக்கடைச் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். கடைக்காரர் அதைக் கிழிக்கவில்லை. அவரே அடுத்த வாரத்துக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

மற்ற அருவிகள் மானம் ரோஷம் இல்லாதவை. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இரவு பகலாக விழுந்துகொண்டே இருக்கும். இந்த அருவி அப்படியில்லை. அருவியார் கூப்பிட்டால்தான் விழும். அவர் கிளம்பினால் அதுவும் நின்றுவிடும். இப்படி ஒரு மரியாதை தெரிந்த அருவியைப் பார்க்காமல் இருக்க முடியுமா? வாரத்துக்கு மூன்று வேன் நிரம்பியது.

அந்த வேன்களில் ஒன்றில், பின்வரிசையில், அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா சீருடை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவள். பதினோரு வருஷமாக வலிப்பு. காலையும் மாலையும் மாத்திரை. போட்டால் வலிப்பு வராது, தூக்கம் வரும். ஒருநாள் மெஷினில் கண் சொக்கி, ஊசியைத் தன் விரல் நகத்திலேயே இறக்கிவிட்டாள். மறுநாள் அவளைப் பித்தான் வைக்கும் மேசைக்கு மாற்றினார்கள். வலித்தது விரல் அல்ல, அந்த மேசைதான்.

தங்கைக்குத் தண்ணீர் ஆபீஸில் வால்வு திறந்து மூடுகிற வேலை. ஆபீஸில் அவளுக்குப் பெயர் "காது". இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, எந்தத் தெருவில் குழாய் கசிகிறது என்று சொல்லிவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். நாம் பேசிக்கொண்டிருந்தால் குழாய் பேசுவது கேட்காது என்பது அவள் கட்சி.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காதடி," என்றாள் அக்கா. "சந்தேகப்படுற ஆள் கூட இருந்தா தண்ணி வராதாம்."

"வரலைன்னா என் தப்பு, வந்தா அவரு பெருமையா? நல்லாயிருக்கே."

"பாத்தியா, ஆரம்பிச்சுட்ட."

"பையில என்னக்கா, இவ்ளோ கனம்?"

அக்கா பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். "மாத்திரை. மூணு மாசத்துக்கு உள்ளது. பூராத்தையும் தண்ணியில விட்டுடணுமாம். ஒண்ணு மிச்சம் வச்சாலும் நம்பிக்கை பத்தலைன்னு அர்த்தமாம்."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதற்கு முன் ஒரு தடவை அக்கா தானாகவே மாத்திரையை நிறுத்தினாள். நாலாம் நாள் அடுப்படியில் விழுந்தாள். கொதிக்கும் பாத்திரம் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். ஓடிவந்து தூக்கியவள் தங்கைதான். வேன் மலையடிவாரம் சேர்ந்தது.

அங்கிருந்து இரண்டு மணி நேர நடை. பாதி வழியில் ஒரு பெரிய மரம். அருவியார் கை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"ஆளுக்கொரு கல்லை எடுங்க. அதுதான் உங்க சந்தேகம். இந்த மரத்தடியில இறக்கி வச்சுட்டு வாங்க. திரும்பும்போது வேணும்னா எடுத்துக்கலாம்."

பதினெட்டுப் பேரும் கல் பொறுக்கினார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். முப்பத்தாறு வருஷம் "நிரூபி, நிரூபி" என்று பிள்ளைகளின் காதைத் திருகியவர். அவர் இரண்டு கல்லாக வைத்தார்.

"எனக்குக் கொஞ்சம் அதிகமா இருக்கும்னு தோணுது. திரும்பும்போது கல் மாறிடாதே? அடுத்தவன் சந்தேகம் நமக்கு வந்துடப்போவுது."

"மாறாது ஐயா, அருவி பாத்துக்கும்."

வாத்தியார் நிம்மதியானார்.

அருவியாரின் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. குரு கொடுத்ததாம். எந்தக் குரு என்று யாரோ கேட்க, "மௌன குரு" என்றார். மௌன குருவுக்கு விசில் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தேகம்தான் மரத்தடியில் கிடக்கிறதே!

கடைசியில் ஒரு பாறைச் சுவர் முன் வந்து நின்றார்கள். இரண்டு மாடி உயரம். மேலே புதர். கீழே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குட்டை. பாறை காய்ந்து கிடந்தது. பாசி என்று பேருக்குக்கூட இல்லை. வருஷக்கணக்காகத் தண்ணீர் விழுகிற பாறையில் கால் வைத்தால் வழுக்கும். இதில் சப்பணமிட்டு உட்காரலாம். தங்கை அதைப் பார்த்தாள்.

அருவியார் கண்ணை மூடினார். விசிலை வாயில் வைத்தார். பீப், பீப். சின்னதாக இரண்டு.

முதலில் ஒன்றும் இல்லை. கூட்டம் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு மேலே புதருக்குள்ளிருந்து "புஸ்ஸ்ஸ்..." என்று நீளமாக ஒரு சத்தம்.

"அருவி மூச்சு விடுது!" என்றார் அருவியார்.

வீட்டுக்கு வீடு குழாய் வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் மெய்சிலிர்த்தார்கள்.

தண்ணீர் வந்தது. முதலில் செங்காவி நிறத்தில், திக்கித் திக்கி.

"பாத்தீங்களா, உங்க பாவத்தைச் சுமந்துகிட்டு வருது!"

பிறகு தெளிந்து, கனத்து, அழகாகவே விழுந்தது. ஆளாளுக்குக் குனிந்து கையில் ஏந்திக் குடித்தார்கள். அருவியார் காலிப் பாட்டில்களை எடுத்து விற்க ஆரம்பித்தார்.

தங்கை அசையவில்லை. அவள் காதில் இன்னும் அந்த இரண்டு பீப் சத்தம்தான் இருந்தது. போன் எடுக்காத இடங்களில் தண்ணீர் ஆபீஸ்காரர்கள் விசிலில்தான் பேசிக்கொள்வார்கள். சின்னதாக இரண்டு என்றால் திற. நீளமாக ஒன்று என்றால் மூடு. மூடியே கிடந்த இரும்புக் குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், அப்புறம் துரு வரும், அப்புறம்தான் தண்ணீர். பாவம் அந்த வரிசையில் வருவதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

அக்கா பையைத் திறந்துவிட்டாள். மாத்திரை அட்டைகளை அடுக்கிக் கையில் எடுத்தாள்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் பொறு."

"சும்மா இருடி."

"அஞ்சே நிமிஷம். அப்புறம் நானே போடுறேன்." தங்கை முன்னால் போனாள். "ஐயா, ஒரு தடவை நான் கூப்பிட்டுப் பாக்கட்டுமா?"

அருவியார் சிரித்தார். "பக்குவமில்லாத வாய்க்கு அருவி அசையாதும்மா."

"அசையலைன்னா உங்களுக்குத்தானே பெருமை?"

"அதானே, பாக்கட்டுமே," என்றது கூட்டம். இலவசமாக ஒரு வேடிக்கை கிடைத்தால் விடுவார்களா?

தங்கை இரண்டு விரலை நாக்குக்கடியில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தாள். தெருக்கோடிக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய விசில் அது. அருவி இளைத்தது. நூலானது. சொட்டியது. நின்றது.

அருவியார்தான் முதலில் சுதாரித்தார்.

"கோவம்! அருவிக்குக் கோவம் வந்துடுச்சு! நான் சொல்லலை?"

"கெடுத்துட்டியேடி பாவி!" அக்காவின் குரல் உடைந்தது. அவள் குட்டைக்குள் இறங்கி, மாத்திரைகளைத் தண்ணீருக்கு நேரே நீட்டினாள். "பூராத்தையும் போட்டுடறேன். அப்பவாவது மனசு எறங்கட்டும்."

தங்கை அவசரமாகச் சின்னதாக இரண்டு அடித்தாள். புஸ்ஸ்ஸ். தண்ணீர் வந்தது. இந்தத் தடவை செங்காவி இல்லை. துரு முதல் தடவையே கழுவிப் போய்விட்டது, பாவமும்தான்.

"கோவம் போயிடுச்சாக்கா?"

நீளமாக ஒன்று. நின்றது.

"மறுபடி வந்துடுச்சா?"

சின்னதாக இரண்டு. வந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்காவின் கை நீட்டிய இடத்திலேயே நின்றது. நீளமாக இன்னொன்று.

தண்ணீர் நிற்கவில்லை. அதற்குப் பதிலாகப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் விழுந்தது.

"மச்சான்! தொறக்கவா, மூடவா? ஒண்ணு சொல்லித் தொலை! ஒரு தடவைக்கு முப்பது சுத்து! கை கழண்டு போவுது இங்க!"

புதரை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். வியர்வையில் குளித்திருந்தான். கையில் ஆள் உயரத்துக்கு வால்வுச் சாவி. கீழே பதினெட்டுத் தலைகளும் அண்ணாந்திருப்பதைப் பார்த்ததும் அவன் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். தலைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க எங்க வேல பாத்தீங்கண்ணே?" என்று தங்கை கேட்டாள்.

"தண்ணி ஆபீஸ்ல. டெம்ப்ரவரி," என்றான் அவன், பழக்க தோஷத்தில்.

அருவியார் ஒரு கையை உயர்த்தினார். "அவன் வெறும் கருவி. அவன் வழியா அருவிதான்..."

"அதுவும் ஒரு வகையில சரிதான்," என்று தொடங்கினார் கணக்கு வாத்தியார்.

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாந்தே நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு மேலே இருந்தவனிடம் கேட்டாள்.

"தம்பி, இது எங்கேருந்து வர்ற தண்ணி?"

"பழைய தோட்டத்துத் தொட்டிக்கா. இப்ப தோட்டம் இல்ல, தொட்டி மட்டும்தான்."

"நல்ல தண்ணியா?"

அவன் தலையைச் சொறிந்தான். "போன வாரம் எருமை ஒண்ணு விழுந்துடுச்சு. தூக்கிட்டோம்."

கணக்கு வாத்தியார்தான் முதலில் ஓங்கரித்தார். மூன்று கை குடித்திருந்தார்.

அக்கா குட்டையிலிருந்து ஏறி வந்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். காலையில் போடாமல் விட்டது.

"வீட்டுலேருந்து கொண்டுவந்த தண்ணி இருக்காடி?"

தங்கை பாட்டிலை நீட்டினாள். அக்கா விழுங்கினாள். அழவில்லை. "இதைப் போட்டா தூக்கம் வரும். வேன் வரைக்கும் என்னைய நடத்திக் கூட்டிட்டுப் போறது உன் பொறுப்பு," என்றாள்.

அக்கா பிறகு டாக்டரிடம் தன் தூக்கத்தைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்து சொன்னாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். வலிப்பு வரவில்லை, தூக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் பித்தான் மேசையில்தான் இன்னும் இருக்கிறாள். புதருக்குள்ளிருந்த மச்சான் ஒரு குடியிருப்பில் பம்பு ஓட்டுகிறான், இப்போது பம்பு ஓட்டுகிறேன் என்றே சொல்லிக்கொண்டு. கணக்கு வாத்தியாருக்கு ஒரு வாரம் வயிறு சரியில்லை. குடித்த எல்லோருக்கும் அப்படித்தான். தங்கை வால்வு திறக்கிறாள், மூடுகிறாள். அருவியார் வேறொரு ஊரில், கேட்டால் பதில் சொல்லும் குகை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரே நாள் பயணம், கையைக் கடிக்காத கட்டணம், வாரத்துக்கு நாலு வேன். உள்ளே உட்கார்ந்து பதில் சொல்வது அவருடைய சின்ன மாமனார் என்று பேச்சு.

நீங்களும் போகலாம், யாரும் தடுக்கவில்லை. கும்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். கழுத்து ஒன்றும் சுளுக்கிக்கொள்ளாது.