தோணிரேவு எகிட்னா

உலகத்தில் உள்ள அத்தனை பிராணிகளையும் நேரில் பார்த்தவள் நான். சரி, முக்கால்வாசி. சரி, பாதி, அதிலும் பெரும்பகுதி படத்தில். ஆனால் எகிட்னாவை மட்டும் சத்தியமாக நேரில் பார்த்திருக்கிறேன். அது ஆஸ்திரேலியாவில் இருப்பதாகப் புத்தகம் சொல்லும். எழுதியவர் எங்கள் ஊர் தோணிரேவுக்கு வந்ததில்லை, பாவம்.

எகிட்னா எப்படி இருக்கும்? முதுகெல்லாம் முள். பென்சில் மாதிரி மூக்கு. கோழி போல முட்டையிட்டு ஆடு போலப் பால் கொடுக்கும். எந்தக் கட்சி என்றே சொல்ல முடியாது. சாப்பாடு எறும்பும் கரையானும். பல் கிடையாது, பதிலுக்கு ஒரு சாண் நாக்கு. ஆபத்து வந்தால் ஓடாது, கடிக்காது. நின்ற இடத்திலேயே நாலு காலாலும் மண்ணைப் பறித்து நேராக உள்ளே இறங்கிவிடும். மேலே முள் மட்டும் தெரியும். கடப்பாரை போட்டாலும் கிளம்பாது.

இப்போது சொல்லுங்கள், உங்கள் தெருவில் ஒன்று இல்லையா?

எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சம்பந்தம். விடிந்ததும் மூக்கை நீட்டிக்கொண்டு கிளம்புவார். மீன் ஏலம், குழாயடி, பொன்னேரி பஸ் நிற்கும் இடம் என்று ஒரு புற்றையும் விடமாட்டார். யார் வீட்டுக் குழம்பில் இறால் குறைந்தது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு எந்த பஸ் ஏறினாள், அவள் உட்கார்ந்த சீட்டில் பஞ்சு இருந்ததா இல்லையா, அத்தனையும் அந்த நாக்கில் ஒட்டும். ஆனால் நாலு பேர் நடுவில் “நீ பாத்தியா?” என்று யாராவது கேட்கட்டும்.

“நமக்கு இன்னாத்துக்குபா வம்பு?”

அவ்வளவுதான். மண்ணுக்குள் போயாச்சு.

எண்பத்தொன்றாம் வருஷம், இறால் காலம். பழவேற்காடு ஏரியில் எவர் எங்கே வலை கட்டுவது என்று எங்கள் பக்கத்தில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அன்றைக்குப் பாடு சடையனுடையது. விடிந்து பார்த்தால் அவன் வலை நெடுகக் கிழிந்து கிடக்கிறது. பழி யார் மேல்? ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிற லட்சுமி மேல்.

“அவதான் மிதிச்சுக் கிழிச்சா. சீசன் முடியறவரிக்கும் ஏரியில கால் வெக்கக் கூடாது” என்றான் சடையன்.

லட்சுமி ஏரியில் கால் வைக்காவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. மூன்று பிள்ளைகள்.

ஊர்க்கூட்டம் கூடியது. வலை கிழிந்த அன்று விடியலில் சம்பந்தம் பழவேற்காட்டுப் படகில் போனவர். படகு அந்த வலையை ஒட்டித்தான் போகும். தலைவர் அவரைப் பார்த்தார். லட்சுமியும் பார்த்தாள்.

“அண்ணே, நீ பாத்திருப்பே. சொல்லுண்ணே.”

“பனி இருந்துச்சும்மா. ஒண்ணும் ஆப்டல.”

“பனியா? அன்னிக்கா?” என்றார் தலைவர்.

“பனின்னா... கண்ணுல தூசு.”

முழங்கால் போயிற்று, இடுப்பு போயிற்று, தோளும் போயிற்று. முள் மட்டும் மிச்சம்.

லட்சுமியிடம் தினமும் இறால் வாங்கும் பழவேற்காட்டு ரோஷன் பீவி, பாக்கு மென்றுகொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எகிட்னாவைப் பிடித்து இழுக்க முடியாது, எறும்பைக் காட்டித்தான் கூப்பிட வேண்டும் என்பது எந்தப் புத்தகமும் படிக்காமலே அவருக்குத் தெரியும்.

“விடுங்க தலைவரே. சம்பந்தம் அண்ணனுக்கு இன்னா தெரியும்? அவரு படகுல தூங்கினு போனாரு. எல்லாத்தையும் பாத்தது கோட்டைக்குப்பத்து வேலுவாம். வெள்ளைப் பாய் கட்டின படகு ஒண்ணு, நங்கூரத்தைத் தொங்கவுட்டுகினு வடக்கால போச்சாம், அதுல மாட்டித்தான்...”

ஒரு முள் அசைந்தது.

“வெள்ளைப் பாயா? எந்தப் புளுகன் சொன்னான்? காவிப் பாய்! மூலையில நீல லுங்கித் துணி ஒட்டு! வடக்காலயா போச்சு? தெக்கால! சடையன் மச்சானோட படகு இல்ல அது? நங்கூரத்தைத் தூக்காமலே இழுத்துகினு போனான், வலை சர்ருனு கிழிஞ்சுச்சு! லட்சுமி அப்போ கரையில குந்தி பறிக்கு நார் கட்டினு இருந்தா. வேலு பாத்தானாம், வேலு! அவன் அன்னிக்கி ஊர்லயே இல்ல!”

சொல்லி முடித்த பிறகுதான் கூட்டம் முழுக்கத் தன்னையே பார்ப்பது அவருக்கு உறைத்தது. மறுபடி தோண்டப் பார்த்தார். தரை இடம் கொடுக்கவில்லை. சடையன் தன் மச்சானைத் தேடிக்கொண்டு போனான். லட்சுமி பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கடைசியாக ஒருவர் உங்களைத் திரும்பிப் பார்த்து “நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? எதற்கும் முதுகை ஒருமுறை தடவிப் பாருங்கள். கையில் ஏதாவது குத்தினால் என்னைத் திட்டாதீர்கள்.

இதை எழுதி முடித்ததும் ரோஷன் பீவிக்கு வாசித்துக் காட்டினேன். பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முழுதும் கேட்டார்.

“எல்லாம் சரிதான்க்கா. ஒண்ணு மட்டும் திருத்திடுங்க. அன்னிக்கிப் படகுல சம்பந்தம் அண்ணன் பக்கத்துல கண்ணை நல்லா முழிச்சுகினு குந்தியிருந்தது நீங்க. கூட்டத்துல எனக்கு முன்னால குந்தியிருந்ததும் நீங்கதான்.”