யார் பெயரும் இல்லாத பாட்டு

கின்ஷாசா நகரத்தையே எதிர்த்து நிற்பது என்று ஒனோரே மவூங்கு ஒரு நாள் காலையில் முடிவு செய்தான். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. வாயெல்லாம் நுரை. அதனால் மனைவியிடம் அறிவிக்கக் கொஞ்சம் தாமதமாயிற்று.

"நதேஜ் அம்மா! என் புதுப் பாட்டுல எவன் பேரையும் கூவ மாட்டேன். இது முடிவு!"

மரவள்ளிக்கீரை இடித்துக்கொண்டிருந்த மனைவி க்ளோதில் தாளம் தப்பாமல் கேட்டாள். "அப்போ ட்ரம்மருக்குச் சம்பளம்?"

கின்ஷாசாவில் பாட்டென்றால் நடுவில் பெயர் வந்தாக வேண்டும். காதலி கைவிட்ட சோகத்தில் பாடகன் உருகிக்கொண்டிருப்பான். அடுத்த மூச்சில், "டயர் கடை அண்ணன் வாழ்க!" என்பான். டயர் கடை அண்ணன் முன்பே கவனித்திருப்பார். இதற்குக் கல்லெறிவது என்று பெயர். கல் சரியான ஆள்மேல் விழுந்தால் ஸ்டூடியோ வாடகையும் பேண்டுக்காரர் சம்பளமும் கிடைக்கும். ஒனோரே இசைப்பள்ளியில் பட்டம் வாங்கியவன். அங்கே சுரம் சொல்லிக் கொடுத்தார்கள், தாளம் சொல்லிக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ட்ரம்மர் முகத்தில் எப்படி விழிப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

"ஞாயித்துக்கிழமை கச்சேரிக்குள்ள காசு வரலேன்னா பேண்டு மொத்தமும் வேற ஆள்கிட்ட போயிடுமாம். உங்க ட்ரம்மர் என் துணிக்கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனான்."

"போகட்டும்! ஒத்தை கிட்டாரோட நிப்பேன்!"

"அந்தக் கிட்டாரை அடகுக்கடையிலேருந்து மீட்டது யாரு?"

ஒனோரே நுரையை விழுங்கினான்.

"சிமெண்ட் கடை பொலாம்பா பேரை ஒரே ஒரு தடவை..."

"அவன் சிமெண்ட்ல பாதி மணல்!"

"சரி, பீர் கிடங்கு கபோங்கோ?"

"அவன் பீர்ல பாதி தண்ணி! ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் கடிச்சுக் குதறுவானுங்க. நடுவுல என் பாட்டு என்ன தெருச்சுவரா, ஆளாளுக்குப் போஸ்டர் ஒட்ட?"

உலக்கை நின்றது. க்ளோதில் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நிஜமாவே யார் பேரையும் சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்!"

"மேடையில ஏறினதும் மனசு மாறிடாதே?"

"உயிரே போனாலும்!"

"சத்தியம் பண்ணுங்க."

உலக்கைமேல் அடித்துச் சத்தியம் செய்தான். அவள் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்ததில் அவனுக்குச் சின்ன வருத்தம். இன்னும் அரை மணி நேரத்துக்கு வசனம் மிச்சம் வைத்திருந்தான்.

அந்த வாரமே அதிசயம் நடந்தது. ட்ரம்மர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஸ்டூடியோக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். பாட்டு பதிவாகி ஊரெல்லாம் ஒலித்தது. காசு ஏது என்று கேட்டதற்கு க்ளோதில், "உங்க கொள்கைக்குக் கிடைச்ச மரியாதைங்க" என்றாள். ஒனோரே அதை அப்படியே நம்பினான். நம்பியதோடு நிற்கவில்லை. பேண்டைக் கூட்டி வைத்து, சுத்தமான கலைக்கு எப்போதும் மதிப்பு உண்டு என்று சொற்பொழிவும் ஆற்றினான்.

ஞாயிறு மாலை கச்சேரி. முன் வரிசையில் ஒரு கோடியில் பொலாம்பா, மறு கோடியில் கபோங்கோ. இடைவேளையில் பொலாம்பா வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தம்பி, நன்றிப்பா. அந்தக் கபோங்கோ பயல் பேரை நீ சொல்லவே இல்லை. கடைசி வரைக்கும் வாயைத் திறந்துடாதே. உன் வீட்டுக்காரிகிட்ட முழுசாக் கொடுத்திருக்கேன்."

ஒனோரேவுக்குத் தலை சுற்றியது. அது நிற்பதற்குள் கபோங்கோ வந்தார். அதே நன்றி, அதே குலுக்கல். பெயர் மட்டும் வேறு.

மேடைக்குப் பின்னால் பாய்ந்தான். க்ளோதில் நிதானமாக நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பேர் சொல்லாததை வித்தியா?"

"ஆமாங்க."

"என் கொள்கையை வித்தியா?"

"பேரைச் சொல்லணும்னா அந்த ஒருத்தன்தான் காசு தருவான். சொல்லாம இருக்கணும்னா அவனைப் பிடிக்காத அத்தனை பேரும் தருவாங்க. இதெல்லாம் உங்க பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?"

"இப்பவே போய் ஒரு பேரைக் கூவறேன் பார்! ஓசியில கூவறேன்!"

"ஓசியிலயா?" அவள் சிரித்தாள். "இந்த ஊர்ல எந்தப் பாட்டுக்காரனுக்குங்க அந்தத் துணிச்சல் இருக்கு?"

அது போதாதா? மேடை அதிர ஏறினான். கிட்டார்கள் துள்ள ஆரம்பித்து, சனங்கள் ஆட எழுந்த நேரம். யார் பெயரைச் சொல்வது? கபோங்கோவைச் சொன்னால் பொலாம்பா சட்டையைப் பிடிப்பார். பொலாம்பாவைச் சொன்னால் கபோங்கோ கழுத்தையே பிடிப்பார். ஒருத்தரும் காசு கொடுக்காத பெயர் ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். மகள் பிறந்தது முதல் 'நதேஜ் அம்மா'தான். அந்தப் பெயரை அவன் வாயால் சொல்லி எத்தனை காலமாயிற்று! மைக்கை வாயோடு அணைத்தான்.

"க்ளோதில்! துணிக்கடை க்ளோதில்! ஒரு பிராங்க் வாங்காம கூப்பிடறேன், க்ளோதில்!"

கூட்டம் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தியது. பெண்களெல்லாம் தங்கள் புருஷன்மாரைத் திரும்பி முறைத்தார்கள். ஒனோரேவின் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்துதான் போயிற்று. கோபத்தில்தான் கூவினான்; ஆனால் கூவியபோது அந்தப் பெயர் இனித்தது. இருந்தாலும் அவள் வியாபாரத்தை உடைத்தாயிற்று என்று நிமிர்ந்து வீட்டுக்குப் போனான்.

மறுநாள் சந்தையில் க்ளோதில் கடை முன்னால் நுழைய வழியில்லை. பச்சைத் துணி, அதில் வரிசை வரிசையாகக் கிட்டார். கின்ஷாசாவில் துணிக்கும் பெயர் வைத்தால்தான் விற்கும். இந்தத் துணியின் பெயர், 'புருஷன் ஓசியில் கூப்பிட்டான்.' பக்கத்துக் கடை பெர்னாதெத் ஈ ஓட்டியபடி வயிறெரிய உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ராத்திரியில எப்படி அச்சடிச்சே?" என்றான் ஒனோரே.

"ராத்திரியிலயா? நீங்க பல் தேய்ச்ச அன்னிக்கே சொல்லி வெச்சுட்டேனே. என் பேரைச் சொல்லுங்கன்னு நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

ஒனோரே சந்தை நடுவில் நின்று கையை உயர்த்தினான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! அடுத்த பாட்டுல இவ பேரும் கிடையாது!"

க்ளோதில் முகம் மலர்ந்தது. "அப்படியா? சத்தியம் பண்ணுங்க."

அவன் சத்தியத்துக்குக் கை நீட்டுவதற்குள், பெர்னாதெத் பணப்பையைத் திறந்துகொண்டு க்ளோதிலிடம் ஓடி வந்தாள்.