ரத்து உத்தரவு வராத மாத்திரை

என் மதிப்புக்குரிய மைத்துனனுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் அதுவும் பொய். ஆகையால் மரியாதை வரிகளை இத்துடன் முடித்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் என்னவென்றால், நீ உடனே புறப்பட்டு வர வேண்டும். எங்கள் தெருமுனை மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் இருக்கிறார். கூடப்பிறந்த தம்பி என்ற உரிமையில் அவரிடம் நாலு வார்த்தை பேசி, உன் அக்காவுக்கு அவர் நிறுத்திய மாத்திரையைத் திரும்ப எழுதி வாங்க வேண்டும். நான் கேட்டாயிற்று. முடியாது என்கிறார். உனக்குப் பேச்சுச் சாமர்த்தியம் உண்டு, அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன்.

நான் மாத்திரை கொடுத்த அழகு உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வேலை இல்லாமல் இருந்தபோதுதான் உன் அக்காவின் மாத்திரைகள் என் பொறுப்புக்கு வந்தன. பதினோரு மாத்திரை. கட்டம் போட்டு அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஆறு பத்துக்கு முதல் மாத்திரை, ஏழு நாற்பதுக்கு அடுத்தது. உன் அக்கா வாயைத் திறப்பாள், நான் போடுவேன், தண்ணீர் கொடுப்பேன், கட்டத்தில் ஒரு டிக். ஆறு வருஷத்தில் ஒரு மாத்திரை ஐந்து நிமிஷம் தாமதமானது கிடையாது. நீகூட வந்தபோது பார்த்துவிட்டு, "அத்தான், இந்தக் காலத்துல யாரு இப்படிப் பாத்துக்குறாங்க" என்று கண் கலங்கினாயே, அந்தக் கண்ணை இப்போது துடைத்துக்கொண்டு மேலே படி.

இந்த டாக்டர் வைத்தியத்தோடு ஆராய்ச்சியும் செய்கிறார். ஆராய்ச்சி என்றால் புது மருந்து கண்டுபிடிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இந்தம்மா இருக்கிற மருந்தை நிறுத்துவதில் ஆராய்ச்சி. இந்த வட்டாரத்தில் யார் யார் தேவையில்லாத மாத்திரைகளைச் சாப்பிடுகிறார்கள், அதை எப்படிப் பத்திரமாகக் குறைப்பது என்று பார்க்கிறாராம். வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார். நான் பெருமையாகத் துணிப்பையைக் கவிழ்த்தேன். மேஜை போதாமல் நர்ஸம்மா இன்னொரு தட்டு கொண்டுவந்தார். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து மூன்றே கேள்வி கேட்டார். யார் எழுதினது? எதுக்கு? எதுவரைக்கும்?

முதல் மாத்திரை பிரஷருக்கு. அதைச் சாப்பிட்டுக் கால் வீங்கியது. வீக்கம் வடிய நீர் பிரிகிற மாத்திரை கொடுத்தார்கள். அதில் உன் அக்கா பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடையாய் நடந்தாள். அதை அடக்க ஒரு மாத்திரை. அதில் வாய் காய்ந்து வயிறு கட்டிக்கொண்டது. அதற்கு ஒரு பொடி. நான் இப்படி வரிசையாக ஒப்பிக்க ஒப்பிக்க, அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, இதுல வியாதி ஒண்ணுதான். மத்த மூணும் முதல் மாத்திரைக்குப் பிறந்த பிள்ளைங்க" என்றார். முதல் மாத்திரையை மாற்றினார், வீக்கம் வடிந்தது, பிள்ளைகள் மூன்றும் ஒவ்வொன்றாகப் போயின. மாத்திரை இல்லாத நாலு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானே தண்ணீரைக் குடித்துவிட்டு டிக் போட்டேன்.

அதோடு விட்டிருந்தால் நான் ஏன் இந்தக் கடிதம் எழுதப்போகிறேன்? கடைசியில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைக்கு வந்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. யார் எழுதினது? நம் பெண் கண்ணை மூடின அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர். எதுக்கு? உன் அக்காவின் அழுகை நிற்க. எதுவரைக்கும்? நான் சீட்டை நீட்டினேன். மஞ்சள் பூத்த அந்தச் சீட்டில் பத்து நாள் என்று போட்டிருந்தது. "பத்து நாள் ஆறு வருஷம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். நான் விறைப்பாகச் சொன்னேன்: "எங்க டிப்போவுல ஒரு விதி உண்டும்மா. ஓட ஆரம்பிச்ச பஸ்ஸை எழுத்துல ரத்து உத்தரவு வராம நிறுத்தக் கூடாது. எனக்கு யாரும் உத்தரவு குடுக்கலை."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் அக்கா பக்கம் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்களுக்கு மறதி நோய்தான்னு நிச்சயமாச் சொல்ல முடியலை ஐயா. அசந்துபோயிருக்காங்க. மெதுவாக் குறைச்சுப் பாப்போம்" என்றார். மூளை தேய்கிறது என்று நீ கூட்டிப்போன பெரிய டாக்டர் சொல்லி, நீயும் நானும் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினோமே, நினைவிருக்கிறதா? அதற்கும் ஒரு மாத்திரை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நாலு மாதம் பிடித்தது. முழுசு முக்காலாகி, அரையாகி, காலாகி, நான் காய் வெட்டுகிற கத்தியால் மாத்திரை வெட்டினேன். கால் மாத்திரைக்கு வந்த வாரம், உன் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்ன சட்டைங்க இது, கண்றாவியா இருக்கு" என்றாள். மச்சான், ஆறு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. நான் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினேன். மறுநாள் அட்டவணையைக் கிழித்தாள். அதற்கு மறுநாள், நீ உன் கல்யாணத்துக்கு வாங்கிப்போன அவளுடைய சூட்கேஸ் இன்னும் திரும்பி வரவில்லை என்றாள். இவளுக்கா மறதி!

போன வாரம் நம் பெண்ணின் அறையைத் திறந்தாள். அங்கே இப்போது மருந்து மேஜைதான் இருக்கிறது. "அவ கட்டில் எங்கே? அவ செருப்பு, கைப்பை, எல்லாம் எங்கே?" என்று கேட்டாள். குடுத்துட்டேன் என்றேன். "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?" "உன்னைக் கேட்டுத்தான். நீ தலையாட்டினே." அவள் என்னைப் பார்த்தாள். "நான் அப்ப வீடு எரியுதுன்னு சொன்னாலும் தலையாட்டியிருப்பேனே" என்று சொல்லி, அப்படியே தரையில் உட்கார்ந்து, அழ ஆரம்பித்தாள்.

இன்றோடு ஒன்பது நாள். பல் துலக்கும்போது அழுகிறாள், துணி மடிக்கும்போது அழுகிறாள். மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாளே, கடைசியில் என்ன பேசினாள், என்னைத் தேடினாளா என்று நேற்று நடந்ததைக் கேட்பது போலக் கேட்கிறாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் சத்தம் கேட்டு ஓடிவந்து, "எப்ப தவறினாங்க?" என்று விசாரித்தார். ஆறு வருஷம் ஆச்சு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வைத்தியம் எனக்குத்தான் தேவை என்று முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

ஆறு வருஷமாகப் பழைய சீட்டுக்கே மாத்திரை கொடுத்த கடைக்காரர், இப்போது புதுச் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றுவிட்டார். டாக்டரிடம் ஓடினேன். இன்னொரு பத்து நாளைக்காவது அந்த மாத்திரையை எழுதிக் குடுங்கம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் வீட்டுக்கே வந்து உன் அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வாசலில் என்னிடம், "மருந்தை நிறுத்தினதால வர்ற கோளாறான்னு பாத்தேன். அப்படித் தெரியலை. சாப்பிடறாங்க, தூங்கறாங்க, தெளிவாப் பேசறாங்க. இது மகளுக்காக அழற அழுகை. அடிக்கடி வந்து பாத்துக்கறேன். ஆனா இதை நிறுத்த நான் மாத்திரை தரமாட்டேன் ஐயா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சீட்டில் பத்து நாள் என்று இருந்ததை நான் அன்றைக்கே பார்த்தேன். பதினோராம் நாள் காலையில் மாத்திரையை நிறுத்தினேன். மதியம் அவள் போட்ட சத்தம் என்னால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் நானே எடுத்துப் போட்டுவிட்டேன். உத்தரவு, விதி என்று டாக்டரிடம் பேசினதெல்லாம் சால்ஜாப்பு. அழுகை நின்றால் போதும் என்று இருந்தது, மச்சான். கூடவே அவளும் நின்றுபோனாள். அது தெரிந்தும் ஆறு வருஷம் டிக் போட்டேன். இப்போது மறுபடி அந்தச் சத்தம். எனக்கு வயசாகிவிட்டது. ஆகையால் நீ வந்து எப்படியாவது அந்த மாத்திரையை வாங்கிக் கொடு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, மாத்திரை எண்ணாமல் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போனபோது உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். ஒரு வரி விடவில்லை. அந்தப் பதினோராம் நாளையும் படித்தாள். கத்தப்போகிறாள் என்று சுவரோரமாக நின்றேன். காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "என்னை மாத்திரை குடுத்து உக்கார வச்சுட்டீங்க. இத்தனை வருஷமா நீங்க யாருகிட்ட அழுதீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் மறுபடியும் ஓடிவந்தார், இந்தத் தடவை எனக்காக.

கடிதத்தைத் திருப்பி எழுதத் தெம்பில்லை. மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். டாக்டரை நீ பார்க்க வேண்டாம். ஆனால் வா. நாங்கள் இரண்டு பேரும் நம் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், அழுகிறோம், திரும்பப் பேசுகிறோம். அவள் உன் மடியில் வளர்ந்த பெண். உனக்கும் ஏதாவது சொல்ல இருக்கும்.